சலூனுக்கு வந்த கேமரா

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே தொலைக்காட்சிக் குழுக்கள் போய் நிற்கும் இடங்கள் இரண்டு. ஒன்று டீக்கடை, மற்றொன்று சலூன். டீக்கடை பெஞ்சில் இருப்பவருக்குக் கேள்வி பிடிக்கவில்லை என்றால் கிளாஸை வைத்துவிட்டு நடையைக் கட்டலாம். சலூன் நாற்காலியில் கழுத்துவரை துணி போர்த்தி, ஒரு கன்னத்தில் மட்டும் நுரையோடு இருப்பவர் எங்கே போவார்? பதில் சொல்லியே தீர வேண்டும். அவர் தலைக்கு மேலே பெரும்பாலும் ஒரு பலகை தொங்கும்: ‘இங்கு அரசியல் பேசக் கூடாது.’ கேமரா அதையும் ஒரு வேடிக்கையாகப் படம் பிடித்துக்கொண்டு, அதன் கீழேயே மைக்கை நீட்டும்.

தேர்தல் ஒரு சாக்குதான். பொங்கல் சிறப்புத் தொகுப்பு, ஊர்ப் பெருமை பேசும் நிகழ்ச்சி, அழிந்துவரும் தொழில்களைப் பற்றிய தொடர், சாதனை மனிதர்கள் வரிசை என்று ஆண்டு முழுக்க ஏதோ ஒரு காரணத்துக்காகப் பழைய முடிதிருத்தகங்களுக்குக் கேமரா போய்க்கொண்டுதான் இருக்கிறது. தொலைக்காட்சி தொடங்கிவைத்ததை இப்போது யூடியூப் சேனல்களும் தொடர்கின்றன. இதனால் நன்மையே இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அடிப்படையில் ஒரு பிழை இருக்கிறது. கேமரா அந்தக் கடையைப் பாரம்பரியத்தின் மிச்சமாகப் பார்க்கிறது. அந்தக் கடையோ பாரம்பரியத்திலிருந்து தப்பித்து வந்தவர்கள் கட்டியது. மற்ற குறைகள் பெரும்பாலும் இந்த ஒரு பிழையிலிருந்து கிளைப்பவை.

கேமரா செய்த நல்லது

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். முடிதிருத்துதல் ஏட்டில் ஏறாத தொழில். தகப்பனோ மாமனோ செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தும், துண்டு உதறியும், தரையைக் கூட்டியும் கற்றுக்கொண்டவர்களே அதிகம். இடது கையின் இரண்டு விரல்கள் கன்னத்துத் தோலை இழுத்துப் பிடிக்கும் விதம், தாடை வளைவில் முடியின் போக்கு மாறும்போது கத்தியும் சேர்ந்து சாயும் விதம், முதல் இழுப்பு முடியின் போக்கிலும் இரண்டாவது எதிர்ப்போக்கிலும் போவது, கடைசியில் ஈரக் கன்னத்தில் படிகாரக் கட்டியைத் தேய்ப்பது ஆகியவற்றை எழுதிக் காட்டுவது கடினம். நிதானமான ஒரு அண்மைக் காட்சி அரை நிமிடத்தில் காட்டிவிடும். தோல்வாரில் தீட்டும் மடக்குக் கத்தி போய், பாதியாக உடைத்த பிளேடைச் செருகும் கத்தி வந்திருக்கிறது. எய்ட்ஸ் பற்றிய அச்சமும் விழிப்புணர்வும் பரவிய காலத்தில், ஆளுக்கொரு புது பிளேடு என்பது சலூனின் நாணயமாகவே ஆனது. வாடிக்கையாளர் கண் முன்னே உறையைப் பிரிக்கும் அந்தச் சின்னச் செயலில் பொதுச் சுகாதார வரலாற்றின் ஒரு துண்டு இருக்கிறது. கேமரா ஓடும்போது அதுவும் பதிவாகிவிடுகிறது.

இரண்டாவது நன்மை மரியாதை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் முடிதிருத்துபவரைப் பெரியவீட்டுச் சிறுபிள்ளைகள்கூட ‘வா, போ’ என்று ஒருமையில் அழைத்த காலம் வெகுதூரத்தில் இல்லை. அதே ஊரின் வரவேற்பறைத் திரையில், நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர் ‘சொல்லுங்கண்ணே’, ‘எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கீங்க ஐயா’ என்று கேட்பதை ஊரே பார்க்கிறது. கீழே எழுத்தில் அவர் பெயர் தலைப்பெழுத்தோடு ஓடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஒருமை அழைப்பைக் கேட்டே வளர்ந்தவருக்கு அப்படித் தோன்றாது.

மூன்றாவது நன்மை கைமேல் கிடைப்பது. தூத்துக்குடியில் ஒரு சலூன்காரர் தன் சிறிய கடைக்குள் நூலகம் அமைத்து, காத்திருக்கும் நேரத்தில் புத்தகம் படிப்பவர்களுக்குக் கட்டணத்தில் சலுகையும் கொடுத்தார். ஊடகங்கள் காட்டின. 2020 அக்டோபரில் பிரதமரின் ‘மனதின் குரல்’ வானொலி உரைவரை அந்தக் கடை போய்ச் சேர்ந்தது. புத்தக நன்கொடைகளும் வந்தன. இப்படி ஒரு கடைக்கு உண்மையிலேயே பலன் கிடைத்திருக்கும்போது, ஊடக வெளிச்சம் எல்லாமே பொய் என்று சொல்வது நியாயமாகாது.

காற்றில் வெட்டும் கத்திரி

ஆனால் படப்பிடிப்பைக் கிட்ட நின்று பார்த்தால் வேறொன்றும் தெரியும். பழைய சலூனில் எதிரெதிர்ச் சுவர்களில் கண்ணாடி இருக்கும். உட்கார்ந்திருப்பவர் தன் பின்னந்தலையையும் பார்த்துக்கொள்வதற்கான ஏற்பாடு அது. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் கேமராக்காரரும் படத்தில் விழுவார். எனவே ஒரு கண்ணாடியின் மேல் போர்வை ஏறும். பழைய சோக் போட்ட குழல்விளக்கு நொடிக்கு நூறு முறை மினுக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கல் படத்தில் பட்டை பட்டையாக ஓடக்கூடும் என்பதால் அதை அணைத்துவிட்டு, கூடவே கொண்டுவந்த எல்.இ.டி. விளக்கை ஏற்றுவார்கள். மின்விசிறியின் இரைச்சல் காலர் மைக்கில் ஏறுகிறது, விசிறி நிற்கும். ரேடியோவில் ஓடும் சினிமாப் பாட்டால் உரிமைச் சிக்கல் வரும், ரேடியோவும் அணையும். மிஷின் வேண்டாம், கத்திரியே போதும், அதில்தான் ‘பழைய ஃபீல்’ இருக்கிறது என்பார் இயக்குநர்.

பிறகு ஒருவரை நாற்காலியில் உட்கார்த்தி வெட்டச் சொல்வார்கள். முதல் டேக் சரியாக வரவில்லை. ‘அண்ணே, அதே மாதிரி இன்னொரு வாட்டி.’ வெட்டிய முடி திரும்ப ஒட்டுமா? முடிதிருத்துபவர் சிரித்துக்கொண்டே சீப்பைத் தலையில் வைத்து, அதற்கு ஒரு அங்குலம் மேலே கத்திரியைக் காற்றில் படபடக்கவிடுவார். திரையில் நாம் வியக்கும் கைவண்ணம் பல நேரங்களில் இந்தக் காற்றுவெட்டுதான்.

எல்லாப் படப்பிடிப்பிலும் கொஞ்சம் நடிப்பு உண்டு. அதற்காகக் கோபப்பட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது, எதை எல்லாம் அணைத்தார்கள் என்பதை. குழல்விளக்கு, விசிறி, ரேடியோ, மிஷின் நான்கும் சேர்ந்ததுதான் அந்த மனிதர் தினமும் வேலை செய்யும் சலூன். அவற்றை நீக்கிய பிறகு மிஞ்சுவது தொலைக்காட்சிக்காரர்கள் மனதில் முன்பே இருந்த சலூன். அந்தக் கற்பனைக் கடையில் தன் வேலையைத் தானே நடித்துக் காட்ட வேண்டியவராகிறார் கடைக்காரர்.

செலவுக் கணக்கும் இருக்கிறது. சலூனில் சரக்கு என்று பெரிதாக எதுவும் கிடையாது. விற்பதெல்லாம் நாற்காலி நேரம்தான். இரண்டு நாற்காலிக் கடையில் ஒன்றை மூன்று மணி நேரம் மறித்துக்கொண்டால் அன்றைய வரும்படியில் கணிசமான பங்கு போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கும், படம் எடுக்க இடமிருக்காது. அதனால் பல நேரங்களில் செவ்வாய்க்கிழமையைக் கேட்பார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலான சலூன்களுக்கு அதுதான் வார விடுமுறை. வாரத்தில் குடும்பத்தோடு இருக்கும் ஒரே நாளும் போகும். பதிலுக்குக் கிடைப்பது ஒரு டீ, ஒரு நன்றி, ‘எப்ப போடுவீங்க?’ என்ற கேள்விக்குத் தெளிவில்லாத ஒரு பதில்.

பாரம்பரியம் யாருக்கு இனிப்பது?

இப்போது அடிப்படைப் பிழைக்கு வருவோம். தனிக்கடை வருவதற்கு முன்பு முடிதிருத்துபவர் வீடு வீடாகப் போனார். தெருவாசல் வழியாக அல்ல, கொல்லைப்புறம் வழியாக. கூலி பணமாக வராது. அறுவடைக் களத்தில் நெல்லாக வரும், அதுவும் அளப்பவர் மனம்போல. கல்யாணத்திலும் சாவிலும் அவருக்கென்று சடங்குக் கடமைகள் இருந்தன. ‘வர முடியாது’ என்று சொல்லும் உரிமை மட்டும் இல்லை. கட்டியை அறுப்பது, மருந்து கட்டுவது முதலிய நாட்டு மருத்துவமும் அந்தச் சமூகத்தின் கையில் இருந்தது. அந்தக் குடும்பத்துப் பெண்கள் மருத்துவச்சிகளாக ஊர்ப் பிள்ளைகளைப் பிரசவம் பார்த்தார்கள். தமிழ்நாட்டின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் மருத்துவர், நாவிதர், மங்களா, பிராணோபகாரி ஆகிய பெயர்கள் ஒரே வரிசையில் நிற்பது அந்தப் பழைய வேலைப் பரப்புக்குச் சாட்சி.

கடைத்தெருவில் வாடகைக்கு ஓர் அறை எடுத்து, நாற்காலி போட்டு, விலைப்பட்டியல் மாட்டியபோது இந்த ஏற்பாடு தலைகீழானது. கூப்பிட்ட இடத்துக்குப் போனவரைத் தேடி இப்போது ஊர் வந்தது. வரிசையில் உட்கார்ந்து காத்திருந்தது. நெல்லுக்குப் பதில் ரொக்கம். கதவைத் திறக்கும் நேரமும் சாத்தும் நேரமும் அவர் கையில். செவ்வாய் விடுமுறையே ஒரு சாதனைதான். வீடு வீடாகப் போனவருக்கு விடுமுறை ஏது? ஆக, தமிழ்நாட்டுச் சலூன் என்பது மரபின் தொடர்ச்சி என்பதைவிட மரபோடு நடந்த ஒரு முறிவு.

இந்தக் கடையின் முன் நின்று, மென்மையான புல்லாங்குழல் பின்னணியில், ‘தலைமுறை தலைமுறையாக மாறாமல் தொடரும் பாரம்பரியம்’ என்று பேசும்போது, பார்க்கும் நமக்கு ஏக்கம் வரலாம். அவர் தகப்பன் எதிலிருந்து வெளியே வந்தாரோ அதையே மகனுக்குப் பதக்கமாகக் குத்திவிடுகிறோம். ‘உங்க பையனும் இந்தத் தொழிலுக்கு வருவாரா?’ என்பது தவறாமல் கேட்கப்படும் கேள்வி. ‘வர மாட்டான், படிக்கிறான்’ என்று அவர் பெருமையோடு சொன்னால், தொகுப்பில் அடுத்ததாகச் சோக இசை வரும். ஒரு குடும்பத்தின் வெற்றி, திரையில் ஒரு கலையின் மரணமாக மாறிவிடுகிறது.

கற்பனை சொன்னது, நிஜம் சொல்லாதது

இதே தொலைக்காட்சியில்தான் மாறான ஒன்றும் நடந்தது. மடோன் அஸ்வின் இயக்கி, யோகி பாபு முடிதிருத்துபவராக நடித்த ‘மண்டேலா’ 2021 ஏப்ரல் 4 அன்று திரையரங்குக்குப் போகாமல் நேராக விஜய் டிவியில் வெளியானது. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 6. படத்தின் நாயகன் மரத்தடியே கடையும் வீடுமானவன், கொல்லைப்புற வழியாக வரச் சொல்லப்படுபவன், சொந்தப் பெயர்கூட இல்லாதவன், ஒரு சலூன் வைப்பதைக் கனவாகக் கொண்டவன். அவன் கையிலிருக்கும் ஒரே ஓட்டு ஊரின் தேர்தல் முடிவைத் தீர்மானிக்கும் நிலை வருகிறது. சலூன் என்பது விடுதலையின் சின்னம் என்பதை அந்தப் படம் சரியாகப் பிடித்தது. செய்தித் தொகுப்புகள் சுற்றிக்கொண்டு போகும் சாதியை ஒரு நகைச்சுவைப் படம் நேராகச் சொன்னது. கற்பனைக்கு இருந்த துணிவு நிஜம் காட்டுவதாகச் சொல்லிக்கொள்ளும் நிகழ்ச்சிகளுக்கு ஏன் இல்லை?

கேமராவின் வெளிச்சத்தால் வரும் மரியாதை எப்படிப்பட்டது என்பதற்கும் சினிமாவில் உதாரணம் உண்டு. 2007இல் வந்த மலையாளப் படம் ‘கத பறயும்போள்’. 2008இல் தமிழில் ‘குசேலன்’. 2009இல் இந்தியில் ‘பில்லு’. மூன்றிலும் ஒரே கதை. ஊருக்குப் படப்பிடிப்புக் குழு வருகிறது, வந்த நட்சத்திரம் முடிதிருத்துபவரின் பழைய நண்பர் என்று தெரிகிறது, அதுவரை ஏறெடுத்தும் பார்க்காத ஊர் அவரைச் சுற்றி வட்டமிடுகிறது. நட்சத்திரத்தைக் காட்டித்தர முடியவில்லை என்றதும் வட்டம் கலைகிறது. கேமரா கொடுத்த மரியாதை கேமராவோடு போய்விடும் என்பதை அந்தக் கதையைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இந்திப் படத்துக்கு முதலில் வைத்த பெயர் ‘பில்லு பார்பர்’. மும்பையின் சலூன்காரர்கள் சங்கம் எதிர்த்ததால் பெயரின் பின்பாதி நீக்கப்பட்டது. தங்களைப் பற்றிய சித்திரிப்பில் தங்களுக்கும் பேச்சு உண்டு என்று அவர்கள் சொன்னார்கள். தொலைக்காட்சித் தொகுப்புகளில் அந்தப் பேச்சு யாருக்கும் கிடைப்பதில்லை. எடுத்துப் போனதை ஒளிபரப்புக்கு முன்பு கடைக்காரருக்குப் போட்டுக் காட்டும் வழக்கமே இல்லை.

கேமரா திரும்பாத இன்னொரு மூலை இருக்கிறது. கிராமத்துச் சலூன் எல்லோருக்கும் திறந்ததா? 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி சாதி பார்த்துச் சேவை மறுப்பது குற்றம். ஆனாலும் தலித்துகளுக்கு முடிவெட்ட மறுத்ததாகத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து இன்றும் புகார் வருகிறது. தலித் இளைஞர்கள் பக்கத்து டவுனுக்குப் பஸ் ஏறிப் போய் முடிவெட்டிக்கொண்டு வரும் ஊர்கள் உண்டு. இப்படி ஒரு சம்பவம் கைபேசிக் காணொளியாக வெளியே வந்துவிட்டால் கேமராக்கள் பறந்து வரும். அப்போது சலூன்காரர் ஒரே நாளில் வில்லனாவார். கடைக்கு இடம் கொடுத்திருப்பவர் யார், ‘அவங்களுக்கு வெட்டினா நாங்க வர மாட்டோம்’ என்று சொன்னவர்கள் யார் என்ற கேள்விகளோடு அடுத்த தெருவுக்குக் கேமரா போவதில்லை. மறுத்தவர் குற்றத்திலிருந்து தப்ப முடியாது, தப்பவும் கூடாது. ஆனால் அவர் கையைப் பிடித்து நிறுத்தியவர்கள் படத்துக்கு வெளியே நிம்மதியாக இருக்கிறார்கள். வில்லனாக்கும் இந்தப் பார்வையும் புல்லாங்குழல் பார்வையும் ஒரே குறையின் இரு பக்கங்கள். இரண்டுமே கடைக்குள் இருப்பவரை மட்டும் காட்டி, கடையைச் சுற்றி இருக்கும் ஊரை விட்டுவிடுகின்றன.

உள்ளிருந்து வந்த குரல்கள் வேறு மாதிரி ஒலிக்கின்றன. கலைவாணன் இ.எம்.எஸ். தன் கவிதைத் தொகுப்புக்கு ‘ஒரு சவரக்காரனின் கவிதை மயிருகள்’ என்று பெயர் வைத்தார். அந்தத் தலைப்பின் காரத்தைத் தாங்கும் ஒரு தொகுப்பு எந்தப் பண்டிகைச் சிறப்பு நிகழ்ச்சியிலும் இடம்பெறாது.

மைக்குக்கு முன்னால்

மீண்டும் அந்த அரசியல் பலகை. அதைக் கோழைத்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது வியாபார ஞானம். எல்லாக் கட்சிக்காரர்களின் கழுத்திலும் கத்தி வைப்பவர் எந்தக் கட்சிக்காரராகவும் இருக்க முடியாது. சலூனில் அரசியல் பேசாமலும் இல்லை. தினசரியைப் பங்கு பிரித்துப் படித்து, ஒரு பக்கத்துச் செய்திக்கு இன்னொருவர் எதிர்க்கருத்துச் சொல்லி, கடைக்காரர் ‘உம்’ கொட்டி நகர்த்தும் பேச்சு அது. யார் எதைச் சொன்னார்கள் என்பது கடையைத் தாண்டிப் போகாது என்ற நம்பிக்கையில்தான் அது நடக்கிறது. மைக் அந்த நம்பிக்கையை உடைக்கிறது. பேசியவர்கள் முகம் தெரிந்து ஒளிபரப்பாகும். குழு வேனில் ஏறிப் போன பிறகு, ‘உன் கடையிலதானே எங்க தலைவரை அப்படிப் பேசினாங்க’ என்று வருபவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்.

இதற்கு நேர்மாறாக, தொலைக்காட்சி தன் வேலையை ஒழுங்காகச் செய்த சமயமும் உண்டு. 2020 மார்ச் இறுதியில் பொதுமுடக்கத்தால் சலூன்கள் பூட்டப்பட்டன. கிராமப்புறங்களில் மே 19 அன்று திறக்க அனுமதி வந்தது. சென்னையில் ஜூன் தொடக்கத்தில். வாடிக்கையாளரின் ஆதார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்றுகூட விதி வந்தது. அந்த வாரங்களில் சலூன்களைப் பற்றி வந்த செய்திகளில் வாடகை பேசப்பட்டது. கடன் பேசப்பட்டது. முடிதிருத்துவோர் நல வாரியம் என்று ஒன்று இருப்பதும், அதில் பதிவு செய்யாதவர்கள் ஏராளம் என்பதும் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. 2021இல் தமிழ்நாட்டுக் கோயில்களில் மொட்டைக் கட்டணம் நீக்கப்பட்டபோதும் அப்படித்தான்: கட்டணத்தில் பங்கு வாங்கிப் பிழைத்தவர்களுக்கு இனி என்ன வழி என்ற கேள்வி உடனே எழுந்தது, மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிப்பும் வந்தது. இரண்டு முறையும் முடிதிருத்துபவரை ஒரு தொழிலாளியாகப் பார்த்தார்கள். எனவே கேள்விகளும் சரியாக அமைந்தன. கேமராவைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. அதன் பின்னால் இருப்பவர் யாரைப் பார்க்க வந்தார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தொழில் நலிவதைப் பற்றிய தொகுப்புகளில் இந்தப் பார்வை மீண்டும் தொலைந்துபோகிறது. தெருமுனைச் சலூனின் கூட்டம் குறைய, ‘காலமாற்றம்’ என்று ஒரு காரணம் சொல்லப்படும். நடந்தது அவ்வளவு மர்மமானதல்ல. 2000இல் சென்னையில் தொடங்கிய ‘நேச்சுரல்ஸ்’ முதலிய குளிர்சாதன அழகு நிலையச் சங்கிலிகள் வந்தன. கடைவாடகை ஏறியது. வீட்டிலேயே டிரிம்மர் வந்தது. நகரச் சலூன்களில் குறைந்த கூலிக்கு வடமாநில இளைஞர்கள் வேலைக்கு வந்தார்கள். இந்த நான்கையும் பேசினால் தொகுப்பு வணிகச் செய்தியாகிவிடும். தவிரவும், இடைவேளையில் டிரிம்மர் விளம்பரமும் வர வேண்டியிருக்கிறது. அந்த வடமாநில இளைஞர் ‘பாரம்பரிய’ச் சட்டகத்துக்குள் பொருந்தாதவர் என்பதால், கடையில் அவரே இரண்டாவது நாற்காலியில் வேலை செய்துகொண்டிருந்தாலும், படத்தில் இருக்க மாட்டார்.

தராசின் இரு தட்டுகளையும் வைத்துப் பார்த்தால் என் தீர்ப்பு இது. கைத்திறனைப் பதிவு செய்வதிலும், பெயரும் மரியாதையும் கொடுப்பதிலும் இந்தப் படப்பிடிப்புகளுக்கு மதிப்பு உண்டு. அதை இழக்கக் கூடாது. தொழிலை விளக்குவதில் அவை தோற்கின்றன. தோல்விக்குக் காரணம் நேரக் குறைவோ பணக் குறைவோ இல்லை. என்ன கேட்பது என்பதை அலுவலகத்திலேயே முடிவு செய்துவிட்டு வருவதுதான் காரணம்.

இதைச் சரிசெய்யப் பெரிய புரட்சி தேவையில்லை. நாற்காலியை மறிக்கும் நேரத்துக்குக் கூலி கொடுக்கலாம். நடிகருக்கும் வாடகை வீட்டுக்கும் கொடுப்பவர்களுக்கு இது பாரமல்ல. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் துணி போர்த்துவதற்கு முன்பே சம்மதம் கேட்கலாம். விசிறியை ஓடவிட்டே படம் எடுக்கலாம். கொஞ்சம் இரைச்சல் கேட்டால் யாரும் சேனலை மாற்றிவிட மாட்டார்கள். கேள்விகளில் வாடகை எவ்வளவு, நலவாரிய அட்டை இருக்கிறதா, இந்த ஊரில் உங்கள் கடைக்கு வராதவர்கள் யார், ஏன் என்ற நான்கையும் சேர்த்துக்கொள்ளலாம். கடைசிக் கேள்விக்கு அவர் பதில் சொல்லத் தயங்கினால், அவரை நெருக்காமல், கேமராவை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய் அங்கே கேட்க வேண்டும். அந்தத் தெருவுக்கு நடக்கும் துணிவு ஒரு குழுவுக்கு இருந்தால், சலூனில் அது எடுத்த படமும் உருப்படும்.